எந்தத் தானியம் என்று எழுதுங்கள்

அமெரிக்காவில் கோடை விடுமுறை நாளொன்றில் வீட்டின் பின்முற்றத்தில் அடுப்பு மூட்டி விருந்து வைக்கிறார்கள். தட்டில் ஒரு ரொட்டி, அதன் நடுவே சுட்ட சாசேஜ், பக்கத்தில் ஒரு பாட்டில் பீர். சாப்பிடுகிறவர் ஒருவர்தான், ஆனால் அவருடைய தட்டை மூன்று அரசு அமைப்புகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ரொட்டியின் லேபிளுக்கு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பொறுப்பு. சாசேஜின் லேபிளுக்கு வேளாண் துறை. பீரின் லேபிளுக்கு, நிதித் துறையின் கீழ் மதுவுக்கும் புகையிலைக்கும் வரி வசூலிக்கும் அமைப்பு. உணவில் கோதுமை இருந்தால் அதை எல்லோருக்கும் புரியும் சொல்லில் எழுதியாக வேண்டும் என்று 2004-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் ரொட்டியை மட்டும்தான் கட்டாயப்படுத்துகிறது. சாசேஜும் பீரும் அதன் பிடிக்கு வெளியே நிற்கின்றன.

இந்தப் பாகப்பிரிவினையின் விலையைக் கொடுப்பவர் சீலியாக் நோயாளி. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே போனால், அவருடைய நோயெதிர்ப்பு அமைப்பு அவருடைய சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சுவதற்காக விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. வயிற்றுப்போக்கு, தீராத ரத்தசோகை, எலும்பு பலவீனம், குழந்தைகளென்றால் வளர்ச்சி குன்றுதல் என்று அதன் விளைவுகள் பலவாகத் தெரியும்; வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாமலே குடல் சிதைந்துகொண்டிருப்பதும் உண்டு. இதைக் குணப்படுத்த மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனை ஒதுக்குவதே சிகிச்சை. உலக மக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணிக்கிறார்கள்.

நோய்க்கும் தானியத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். ரொட்டியின்மேல் அவருக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-இல், ஹாலந்து பஞ்சத்தில் தவித்தபோது ரொட்டி கிடைக்கவில்லை. அவருடைய நோயாளிக் குழந்தைகளின் உடல்நிலை மோசமாகவில்லை. ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950-இல் வெளியிட்ட ஆய்வேட்டில் கோதுமைதான் காரணம் என்று அவர் எழுதினார்.

‘கொஞ்சம் சேர்ந்தால் என்ன’ என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில் நோயாளிகளுக்கு நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், குடலுறிஞ்சிகள் பாதிக்கப்பட்டன. ஒரு சாதாரண ரொட்டித் துண்டில் சுமார் 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். அதாவது ஒரு துண்டை நாற்பதாகப் பிய்த்தால் கிடைக்கும் துணுக்கு ஒன்று, தினமும் தெரியாமல் உள்ளே போனாலே குடல் கெட்டுவிடும். இப்படிப்பட்ட ஆய்வுகளைக் கருத்தில் கொண்டுதான் உலக உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ், ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அழைக்கக் கூடாது என 2008-இல் வரையறுத்தது. இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பா எல்லாம் இதே எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அரிசி, காய்கறி, பால், முட்டை, மீன் என்று வாங்கிச் சமைப்பவருக்கு இந்த எண் அதிகம் தேவைப்படாது. பாட்டிலிலும் பாக்கெட்டிலும் வரும்போதுதான் சிக்கல். அதிலும் மதுவும் பதப்படுத்திய இறைச்சியும் மிகச் சிக்கலானவை.

முதலில் பீர். மால்ட் எனப்படும் முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் அதன் உயிர். கோதுமை பீர் என்றே தனி வகையும் உண்டு. ஆக, பீர் நோயாளிக்கு ஆகாது என்பதோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. குளிரூட்டிய பீரில் புரதமும் துவர்ப்புப் பொருளும் ஒட்டிக் கலங்கலாகத் தெரியும். அதைத் தெளிவிக்க ஒரு நொதியைக் கண்டுபிடித்தார்கள். புரதச் சங்கிலியில் புரோலின் என்ற கண்ணி வரும் இடங்களில் அந்த நொதி வெட்டும். குளூட்டனில் புரோலின் நிறைய. எனவே கலங்கலைப் போக்க வந்த நொதி குளூட்டனையும் துண்டு துண்டாக்கியது. பீர் நிறுவனங்களுக்குப் புதிய சந்தை ஒன்று திறந்தது: பார்லியில் செய்த, ஆனால் குளூட்டன் ‘நீக்கிய’ பீர். ஸ்பெயினின் எஸ்ட்ரெல்லா டாம் நிறுவனம் 2006-இல் கொண்டுவந்த டாவுரா இந்த வகையில் பெயர்பெற்றது.

வெட்டுப்பட்ட குளூட்டன் தீங்கற்றதா? சோதனைச் சாலையால் இதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. உணவில் குளூட்டனை அளக்கப் பரவலாகப் பயன்படும் முறையில், ஒரு நோயெதிர்ப்புப் புரதம் குளூட்டனை ஓரிடத்தில் பற்றிக்கொள்ளும், இன்னொன்று மற்றோர் இடத்தில் பற்றும். இரண்டும் சேர்ந்து பற்றினால்தான் அளவு காட்டும். ஒரு மீனைத் தலையிலும் வாலிலும் ஒருசேரப் பிடித்தால்தான் கணக்கு என்று வைத்தால், துண்டு போட்ட மீன் கணக்கில் வராது. குழம்பில் மீன் இருக்கும். இதற்காக ஒரே ஓர் இடத்தில் பற்றும் வேறொரு முறையையும் உருவாக்கினார்கள். அதுவும் எந்தத் துண்டு எவ்வளவு இருக்கிறது, அது குடலில் என்ன செய்யும் என்பதைத் தீர்மானமாகச் சொல்வதில்லை. நொதி சேர்த்த பார்லி பீரை நோயாளிகளின் ரத்தத்தோடு வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், சிலருடைய ரத்தத்தில் இருந்த எதிர்ப்புப் புரதங்கள் அந்தப் பீரை அடையாளம் கண்டன.

அறிவியல் இங்கே தயங்கி நிற்பதால், சட்டங்கள் திசைக்கு ஒன்றாகப் போயிருக்கின்றன. ஐரோப்பாவில் சோதனை 20 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால், பார்லியில் செய்த பீரும் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற பெயரோடு விற்கலாம். அமெரிக்காவில் கூடாது, ‘குளூட்டனை நீக்கும் வகையில் தயாரித்தது’ என்று மட்டும் எழுதலாம், அதனுடன் இதன் குளூட்டன் அளவை உறுதிசெய்ய இயலாது என்ற எச்சரிக்கையும் வர வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விதி இன்னும் கறார்: கண்டுபிடிக்கக்கூடிய அளவில் குளூட்டன் இருக்கவே கூடாது, முளைகட்டிய பார்லியோ கோதுமையோ சேர்ந்திருந்தால் அந்தப் பெயரே கிடையாது. பார்சிலோனாவில் பாதுகாப்பானது என்று வாங்கிக் குடித்த பீரை ஒரு நோயாளி சிட்னியில் அந்தப் பெயரில் வாங்க முடியாது. அவருடைய குடல் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இந்த மூன்றில் எனக்கு ஆஸ்திரேலியாவின் வழிதான் நேர்மையானதாகப் படுகிறது. கருவியால் அளக்க முடியாத இடத்தில், உள்ளே என்ன போட்டோம் என்பதை வைத்தே பேச வேண்டும். அமெரிக்க உணவு நிர்வாகமும் 2020-இல் இதையே ஒப்புக்கொண்டது. நொதித்த உணவுகளில் கடைசிச் சோதனையை நம்ப முடியாது. நொதிக்க வைப்பதற்கு முன்பே மூலப்பொருள்களில் குளூட்டன் இல்லை என்பதற்குத் தயாரிப்பாளர் ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்று அது விதி செய்தது. ‘குளூட்டன் இல்லாதது’ என்ற பெயரில் விற்கும் தயிர், ஊறுகாய், வினிகர் எல்லாவற்றுக்கும் அந்த விதி பொருந்தும்.

சோளத்தில் செய்த பீர் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சி வருவது. அமெரிக்காவில் 2006-இல் ஒரு பெரிய நிறுவனம் ரெட்பிரிட்ஜ் என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சோளத்தில் குளூட்டன் இல்லை. அமெரிக்க வரி அமைப்பின் 2008-ஆம் ஆண்டு விளக்கத்தின்படி, பார்லி மால்ட்டும் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவும் சேர்ந்திருந்தால்தான் அது தன் லேபிள் விதிக்குள் வரும் ‘மால்ட் பானம்’. சோள பீரில் பார்லி இல்லாததால் அது உணவு நிர்வாகத்தின் கைக்குப் போகிறது. கோதுமை சேர்ந்திருந்தால் அதை எழுதியாக வேண்டிய கட்டாயமும் அதனுடன் போகிறது. கோதுமையையே கொட்டிச் செய்யும் பீருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நோயாளிக்கு ஏற்ற பீருக்குக் கடுமையான சட்டம், அவரைப் படுக்கையில் தள்ளும் பீருக்கு ‘விருப்பமிருந்தால் எழுது’ என்ற சலுகை. 2025 ஜனவரியில் அந்த வரி அமைப்பு, எல்லா மது வகைகளிலும் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களை எழுதுவதைக் கட்டாயமாக்கலாம் என்று முன்மொழிந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அமெரிக்கச் சட்டம் கணக்கில் எடுக்கும் ஒன்பது ஒவ்வாமைப் பொருள்களில் கோதுமை உண்டு, பார்லி இல்லை. அந்த முன்மொழிவு அப்படியே சட்டமானாலும் பீரின் பார்லி பெயரின்றியே இருக்கும்.

காய்ச்சி வடிக்கும் மது வேறு கதை. விஸ்கி பார்லியிலிருந்து வரலாம், வோட்கா கோதுமையிலிருந்து வரலாம். ஆனால் கொதிகலத்தில் ஆவியாகி மேலேறுவது சாராயமும் மணப்பொருள்களுமே. புரதம் ஆவியாவதில்லை, அடியிலேயே தங்கிவிடுகிறது. இதனால்தான் ஐரோப்பா, வடித்த மதுவுக்குப் பயன்பட்ட தானியத்தை ஒவ்வாமை அறிவிப்பிலிருந்து விலக்கியிருக்கிறது. 2020 முதல் அமெரிக்காவும், தயாரிப்பில் கலப்பு நேராமல் பார்த்துக்கொண்டால் இத்தகைய மதுவைக் ‘குளூட்டன் இல்லாதது’ என்று குறிக்க அனுமதிக்கிறது. கவனிக்க வேண்டியது வடித்தபின் நடப்பது. பிறகு சேர்க்கும் சுவையூட்டியில் மால்ட் இருக்கலாம். அதை எந்தக் கொதிகலமும் வடிகட்டப்போவதில்லை.

பெயரை வைத்து முடிவுக்கு வருவதும் ஆபத்து. ஸ்மிர்னாஃப் என்றால் வோட்கா என்று உலகம் அறியும். அந்தப் பெயரிலேயே வரும் ஸ்மிர்னாஃப் ஐஸ் என்ற இனிப்பு பானம் பிரிட்டனில் வோட்கா கலந்தது. அமெரிக்காவில் மால்ட்டிலிருந்து செய்தது. வரியும் விற்பனை உரிமமும் அங்கே அப்படி. லண்டனில் உறவினர் வீட்டில் குடித்துப் பழகியவர் நியூஜெர்சிக்குப் போய் அதே பெயரைப் பார்த்து எடுத்தால், அவர் குடிப்பது வேறு பொருள். திராட்சை ஒயினில் கவலை குறைவு. பீப்பாயின் மூடியைக் கோதுமை மாவுப் பசையால் அடைக்கும் பழைய பழக்கம் சில இடங்களில் உண்டென்றாலும், சோதித்த ஒயின்களில் குளூட்டன் வரம்புக்கு மிகக் கீழேயே இருந்திருக்கிறது. கள்ளும் இலங்கையின் தென்னஞ்சாராயமும் மரத்திலிருந்து வருபவை. அவற்றின் மூலத்தில் தானியமே கிடையாது.

இறைச்சிக்கு வருவோம். ஆட்டிலும் கோழியிலும் பன்றியிலும் குளூட்டன் இல்லை. கசாப்புக் கடையில் வெட்டி வாங்கும் கறியை நோயாளி அஞ்ச வேண்டியதில்லை. அதே கறியை அரைத்து, உறையில் அடைத்து, உறையவைத்துப் பாக்கெட்டாக்கும்போது தானியம் உள்ளே நுழைகிறது. பிரிட்டிஷ் சாசேஜில் ரஸ்க் சேர்ப்பது மரபு. கோதுமை மாவைச் சுட்டுப் பொடித்த அந்தத் தூள் கொழுப்பையும் நீரையும் பிடித்துவைத்துச் சாசேஜை மெத்தென்றாக்குகிறது, கறியின் செலவையும் குறைக்கிறது. ரத்தத்தில் செய்யும் கருப்பு புட்டிங்கில் ஓட்ஸோ பார்லியோ இருக்கும். ஜெர்மனியில் குருணை கலந்த சாசேஜ் வகைகள் தனியாக உண்டு. வாட்டி உலர்த்திய மாட்டிறைச்சியை முதலில் ஊறவைப்பது பெரும்பாலும் சோயா சாஸில். அந்தச் சாஸில் சோயாவோடு கோதுமையும் சேர்ந்தே நொதிக்கிறது. நண்டுக்கறி என்ற பெயரில் மீனை அரைத்துச் செய்யும் குச்சிகளில் பெரும்பாலும் கோதுமை மாவுச்சத்து இருக்கும். சாசேஜ் என்றால் கறி, நண்டு என்றால் நண்டு என்று நம்புகிறவர்தான் இங்கே ஏமாறுகிறார்.

அமெரிக்க வேளாண் துறையின் கீழ் வரும் இறைச்சிப் பாக்கெட்டில் ‘மாவுச்சத்து’, ‘டெக்ஸ்ட்ரின்’ என்று போட்டிருந்தால் அது மக்காச்சோளத்திலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். கோதுமையிலிருந்து வந்திருந்தாலும் அதைச் சொல்லும் கட்டாயம் இல்லை. பல நிறுவனங்கள் தாமாகவே சொல்கின்றன. சொல்லாத நிறுவனத்தின் பாக்கெட்டும் சொல்லும் நிறுவனத்தின் பாக்கெட்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கின்றன. ஐரோப்பாவில் அந்த மாவுச்சத்தில் குளூட்டன் வரக்கூடுமானால் தானியத்தின் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். பட்டியலில் அது தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ தனித்துத் தெரியவும் வேண்டும். 2014 டிசம்பர் முதல் அங்கே பாக்கெட் இல்லாமல் உதிரியாக விற்கும் உணவுக்கும் ஒவ்வாமைத் தகவல் கட்டாயம். இறைச்சிக் கடைக்காரர் கையால் பிடித்து வைத்திருக்கும் சாசேஜில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவர் சொல்லியாக வேண்டும்.

சொல்லாத இடங்களில் நோயாளி என்ன செய்கிறார்? பாக்கெட்டின் முதுகில் இருக்கும் எண்ணுக்குத் தொலைபேசுகிறார், மின்னஞ்சல் எழுதுகிறார். ‘நாங்கள் குளூட்டனைச் சேர்ப்பதில்லை, எனினும் உறுதியளிக்க இயலாது’ என்பது போன்ற பதில் வருகிறது. வழக்கறிஞர் பார்த்துக் கொடுத்த வாக்கியம் அது. சாப்பிடலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. செய்முறை மாறினால் மறுபடி எழுத வேண்டும். ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியாக, ஒவ்வொரு பொருளுக்கும், வாழ்நாள் முழுக்க இதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. எந்த மூட்டையிலிருந்து என்ன அள்ளிப் போட்டோம் என்பது தயாரிப்பாளருக்குத் தெரியும். அவர் ஒரு வரி எழுதினால் ஆயிரக்கணக்கானோர் கேட்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இது தேவையா என்று கேட்கலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் பங்கேற்று 2016-இல் வெளியான ஆய்வு 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தது. சீலியாக் நோயைச் சுட்டும் எதிர்ப்புப் புரதங்கள் ரத்தத்தில் இருப்பவர்கள் வட இந்தியாவில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம் என்று கண்டது. அந்த வட இந்தியர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார்கள், தென்னிந்தியர்கள் 25 கிராம். நம்மைக் காத்தது சோறும் இட்லியும் தோசையும்தான். ஆனால் ஆயிரத்தில் ஒருவர் என்றாலும், தமிழ்நாட்டின் மக்கள்தொகைக்குப் பல்லாயிரம் பேர். பரோட்டாவும் சப்பாத்தியும் இரவு உணவாகிவிட்ட வீடுகளில் இந்த 25 கிராம் அதே இடத்தில் நின்றிருக்காது. நோய் அரிது என்று நினைப்பதால் மருத்துவரும் சட்டென்று சந்தேகிப்பதில்லை. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தின்று ஆண்டுகளைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கோதுமையே வாங்காத வீட்டிலும் அது வேறு வழியில் வரும். கூட்டுப் பெருங்காயத்தைப் பாருங்கள். ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வரும் பிசின் மிகக் காரமானது. அதைக் கோந்தோடும் மாவோடும் கலந்து கட்டியாக்கி விற்கிறார்கள். அந்த மாவு பல நிறுவனங்களில் மைதா, சிலவற்றில் அரிசி. சாம்பாரும் ரசமும் இட்லியும் மட்டும் சாப்பிடும் நோயாளிக்கு ஏன் குணமாகவில்லை என்று தேடும் மருத்துவர் பெருங்காய டப்பாவையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்கு அமெரிக்காவிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரொட்டி, இறைச்சி, மது மூன்றையும் ‘உணவு’ என்ற ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்து ஒரே ஆணையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. அந்த ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள் ஒவ்வாமைப் பட்டியலில் முதலாவதாகக் குறிப்பிடுவது குளூட்டன் உள்ள தானியங்களை. கோதுமையோடு பார்லியும் ரையும் ஓட்ஸும் அதில் அடக்கம். அமெரிக்கா பார்லியை விட்டுவிட்டது, நாம் விடவில்லை. எழுத்தில் நம் சட்டம் நன்றாகவே இருக்கிறது. பாக்கெட்டைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம் என்ற நிலையும் ஓரளவு உண்டு. உறையவைத்த சிக்கன் நக்கெட், சாசேஜ், கபாப் பாக்கெட்டுகளில் ரொட்டித் தூள், கோதுமைப் புரதம் போன்றவற்றைத் தேட வேண்டும். ‘மாற்றியமைத்த மாவுச்சத்து’ என்ற பெயரோடு ஓர் எண் மட்டும் இருந்தால், கீழே ஒவ்வாமை அறிவிப்பு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

நாம் தோற்பது பாக்கெட் இல்லாத இடத்தில். தெருமுனையில் எண்ணெயில் பொரியும் சிக்கன் 65-இன் மாவில் மைதா இருக்கிறதா, சோள மாவு மட்டுமா? மைதா பூசிய மீன் பொரித்த அதே எண்ணெயா? பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வாமைத் தகவல் தர வேண்டும் என்கிறது விதி. தமிழர்கள் கறி வாங்கிச் சாப்பிடும் கடைகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் வராதவை. எந்த மாவு என்று ஒரு பலகையில் எழுதிவைப்பதற்குச் சோதனைச் சாலை வேண்டாம், செலவும் இல்லை. கேட்டால் சொல்ல வேண்டும் என்ற ஐரோப்பியக் கடமையை இங்கும் கடைக்காரர்களுக்குக் கற்பிக்க வேண்டும். உரிமம் புதுப்பிக்க வரும்போதே உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் இதைத் தொடங்கலாம்.

மதுவைப் பற்றி இத்தனை அக்கறை எதற்கு, குடிக்காமல் இருந்துவிட்டால் போகிறது என்பவர்கள் இருக்கிறார்கள். குடிக்காமல் இருப்பது எல்லாக் குடலுக்கும் நல்லதுதான். அதற்காக விற்கும் பொருளில் என்ன இருக்கிறது என்பதை மறைக்கும் உரிமை விற்பவருக்கு வந்துவிடாது. தமிழ்நாட்டில் அந்த விற்பவர் அரசு. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். இந்திய விஸ்கிகளில் பல கரும்பாலை வெல்லப்பாகிலிருந்து வடிக்கும் சாராயத்தில் செய்தவை என்பதும், பீரில் பார்லி மால்ட் இருக்கிறது என்பதும், சில பீரில் கோதுமையும் சேரும் என்பதும் கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மொத்தமாகக் கொள்முதல் செய்யும் நிறுவனம் சப்ளை செய்யும் ஆலைகளிடம் நிபந்தனை விதிக்க முடியும்: சாராயம் எதிலிருந்து வடித்தது, வடித்தபின் சேர்த்த சுவையூட்டியில் மால்ட் உண்டா, பீரில் எந்தெந்தத் தானியம் என்பதைத் தமிழில், படிக்கும் அளவில், பாட்டிலின் முன்பக்கம் எழுத வேண்டும். அடுத்த கொள்முதல் ஒப்பந்தத்திலேயே இந்த நிபந்தனையைச் சேர்க்கலாம்.